விக்ரோலி செவிலியும் டாக்கா துணைத்தூதரும்

1966-ல் பம்பாயின் விக்ரோலிக்கு ஓர் அமெரிக்க மூதாட்டி வந்து சேர்ந்தார். வயது 68. பெயர் லிலியன் கார்ட்டர். ஜார்ஜியா மாநிலத்தில் ப்ளெயின்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். கணவர் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. செவிலியர் படிப்பு படித்தவர் என்பதால் கோத்ரெஜ் தொழிலாளர் குடியிருப்பில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம், அப்புறம் மருத்துவ நிலையம். வேர்க்கடலை விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மூத்த மகன் அந்த ஆண்டுதான் ஜார்ஜியா ஆளுநர் பதவிக்கு முயன்று தோற்றிருந்தார். பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஜெயிக்கப்போகும் ஜிம்மி கார்ட்டர் அவர்தான் என்று விக்ரோலியில் யாருக்குத் தெரியும்? அவர்களுக்கு இவர் ஊசி போடுகிற வெள்ளைக்காரப் பாட்டி.

அங்கிருந்து அவர் வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் கடிதங்கள் 1977-ல் புத்தகமாக வந்தன. தன் 70-வது பிறந்தநாளையொட்டி எழுதிய கடிதத்தில், வாழ்க்கைக்கு அவசியம் என்று நினைத்திருந்த மனிதர்களையும் பொருள்களையும் விட்டு இத்தனை தூரம் வந்து, உலகத்தின் இந்த மூலையில்தான் வாழ்க்கை என்னவென்று தெரிந்துகொண்டேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார். எழுபது வயதில் ஒருவர் எழுதுகிற வரி அது.

இன்னொருவர் ஆர்ச்சர் பிளட். 1971-ல் டாக்காவில் அமெரிக்காவின் தலைமைத் துணைத்தூதர். அந்த ஆண்டு மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் கிழக்கு வங்காளத்தில் படுகொலையைத் தொடங்கியபோது அவர் அந்த நகரத்திலேயே இருந்தார். நடந்ததை நாள்தோறும் வாஷிங்டனுக்கு எழுதினார். பதில் இல்லை. பாகிஸ்தான் வழியாகச் சீனாவோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்த ஜனாதிபதி நிக்ஸனுக்கும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கருக்கும் அந்தச் செய்தி வேண்டாத செய்தியாக இருந்தது. ஏப்ரல் 6-ம் தேதி, டாக்காவில் பணியிலிருந்த அமெரிக்கர்கள் 20 பேர் கையெழுத்திட்ட ஒரு கண்டனத் தந்தி போனது. ஜனநாயகம் நசுக்கப்படுவதை நம் அரசு கண்டிக்கத் தவறிவிட்டது என்று தங்கள் அரசுக்கே எழுதினார்கள். பிளட் அதற்குத் துணை நின்று அனுப்பிவைத்தார். சில வாரங்களில் அவரை டாக்காவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருடைய பதவி வாழ்க்கை பழைய வேகத்துக்குத் திரும்பவே இல்லை.

இந்த இரண்டு பேரையும் அனுப்பியது ஒரே அரசு. ஒருவர் தொண்டர், ஒருவர் தூதர். வெளிநாட்டில் வாழ்ந்து வேலை பார்த்து, ஊர் திரும்பிய பிறகு அதைப் பற்றிப் பேசியவர்களின் பதிவுகள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு வகை மனிதர்களுடையது. இவர்களை அனுப்பிவைத்த ஏற்பாடு எப்படிப்பட்டது, பேசும்போது எதைச் சொல்கிறார்கள், எது பதிவாகாமல் போகிறது என்று பார்க்கலாம். இந்தியாவும் இலங்கையும் இந்தக் கதைகளில் அடிக்கடி வரும் இடங்கள் என்பதால் இதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

முதலில் தொண்டர்கள். 1961 மார்ச் 1 அன்று ஜான் கென்னடி ஓர் ஆணை போட்டு, லிலியனைப் போன்ற தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பீஸ் கோர் என்ற அமைப்பைத் தொடங்கினார். தமிழில் இதை ‘அமைதிப்படை’ என்று மொழிபெயர்ப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1987-க்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் வேறு பொருள், வேறு வலி. அதனால் பீஸ் கோர் என்றே எழுதுகிறேன். அதன் முதல் இயக்குநர் சார்ஜென்ட் ஷ்ரைவர், கென்னடியின் தங்கை கணவர். மூன்று மாதப் பயிற்சி, இரண்டு ஆண்டு சேவை, ஆக மொத்தம் 27 மாதம். சம்பளம் கிடையாது. அந்த ஊரில் ஒரு சாதாரண ஆசிரியர் எப்படி வாழ்வாரோ அப்படி வாழ்வதற்கான படி மட்டும் உண்டு. தூதரகக் காரும் தூதருக்குரிய சட்டப் பாதுகாப்பும் கிடையாது. போகிற இடத்து மொழியைக் கற்றுக்கொண்டாக வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று கானாவின் அக்ரா விமான நிலையத்தில் 51 பேர் வந்து இறங்கினார்கள். எல்லோரும் பள்ளி ஆசிரியர்களாக வேலை பார்க்க வந்தவர்கள். வரவேற்க வந்த அமைச்சர்கள் முன்னால் வரிசையாக நின்று, அந்த நாட்டுத் துவி மொழியில் கானாவின் தேசபக்திப் பாடல் ஒன்றைப் பாடினார்கள். கலிபோர்னியாவில் பயிற்சியின்போது கற்றுக்கொண்ட பாட்டு. கானா சுதந்திரம் அடைந்து அப்போது நான்கே ஆண்டுகள். அதுவரை தங்கள் மொழியில் பேசாத வெள்ளைக்காரர்களையே பார்த்துப் பழகிய ஊரில், இறங்கியதும் தங்கள் மொழியில் பாடுகிறவர்கள் வந்திருக்கிறார்கள்.

ஆறு வாரம் கழித்து நைஜீரியாவின் இபாதானில் நடந்தது இதற்கு நேர் எதிர். பயிற்சிக்காகப் பல்கலைக்கழகக் கல்லூரி விடுதியில் தங்கியிருந்த 23 வயது தொண்டர் ஒருவர் தன் நண்பருக்கு ஒரு தபால் அட்டை எழுதினார். அந்த நகரத்தின் அழுக்கையும் வறுமையையும் பார்த்து அதிர்ந்துபோனதைத் திறந்த அட்டையில் எழுதிவிட்டார். அட்டை தபால் பெட்டிக்குப் போகும் முன்பே வளாகத்தில் விழுந்து ஒரு மாணவர் கையில் சிக்கியது. பிரதி எடுத்து விடுதி முழுக்கக் கொடுத்தார்கள். மாணவர்கள் கொதித்துப் போனார்கள். தொண்டர்களை வெளியேற்று என்று கூட்டம் போட்டார்கள். எழுதியவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாடு திரும்பினார்.

இந்தச் சம்பவத்தைப் பலரும் ஒரு சின்னப் பெண்ணின் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பொய் எழுதவில்லை. வந்து சில நாள்களே ஆன ஒருவர் கண்ணில் பட்டதை எழுதினார். படித்தவர்களுக்கும் கோபப்பட நியாயம் இருந்தது. தங்கள் வீட்டில் விருந்தாளியாக இருப்பவர் தங்களைப் பற்றி வெளியே என்ன சொல்கிறார் என்பது அன்று முதல்முறையாக அவர்கள் கையிலேயே கிடைத்தது. வெளிநாட்டு வாழ்க்கை பற்றிய எழுத்து எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. எழுதுவது ஊரில் இருக்கிற சொந்தபந்தத்துக்கு, எழுதப்படுவது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படிப்பதே இல்லை. இபாதானில் படித்துவிட்டார்.

பீஸ் கோருக்கு எழுதி வைத்த நோக்கங்கள் மூன்று. தேவைப்படும் நாடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஆட்களைத் தருவது, அந்த மக்கள் அமெரிக்கர்களைப் புரிந்துகொள்ளச் செய்வது, அமெரிக்கர்கள் அந்த மக்களைப் புரிந்துகொள்ளச் செய்வது. திரும்பிவந்த தொண்டர்களின் பேச்சைக் கேட்டால் முதல் நோக்கத்தில்தான் அவர்களுக்குச் சந்தேகம் அதிகம். கல்லூரி முடித்த கையோடு வந்து, மூன்று மாதப் பயிற்சியோடு, தலைமுறை தலைமுறையாக உழவு செய்கிற விவசாயிக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்துவிட முடியும் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. இந்தியாவுக்கு 1961 முதல் 1976 வரை நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். கோழி வளர்ப்பு, சத்துணவு, கிணறு, குடும்பக் கட்டுப்பாடு, ஆங்கிலம் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேலை. 1960-களின் நடுவில் பஞ்சம் மிரட்டியபோது கூட்டம் கூட்டமாக அனுப்பினார்கள். பல இடங்களில் தொண்டர் வந்து சேர்ந்தபோது வேலை தயாராக இல்லை. அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று உள்ளூர் அதிகாரிக்கே தெரியவில்லை. 1971 போருக்குப் பிறகு இந்திய-அமெரிக்க உறவு கசந்து, ஆள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் நின்றுபோனது.

இந்தச் சந்தேகத்தை ஓங்கி அடித்துச் சொன்னவர் இவான் இலிச். வியன்னாவில் பிறந்த பாதிரியார், மெக்ஸிகோவில் வாழ்ந்தவர். 1968 ஏப்ரலில், மெக்ஸிகோ கிராமங்களில் கோடை விடுமுறைத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் கூட்டத்துக்கு அவரைப் பேச அழைத்திருந்தார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே, நீங்கள் வர வேண்டாம் என்றார். பார்க்க வாருங்கள், மலை ஏற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்று முடித்தார். நல்ல மனசு இருந்தால் போதும் என்ற நினைப்பே ஆபத்தானது என்பது அவர் வாதம். அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு எனக்கு லிலியன் கார்ட்டர் குறுக்கே நிற்கிறார். அவருக்கு ஊசி போடத் தெரியும். விக்ரோலியில் ஊசி போட ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை நடந்தது.

சரி, தூதர்களுக்கு வருவோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு தூதர் வேலை என்றால் விருந்து, கைகுலுக்கல், கொடி கட்டிய கார். அவர்களே சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுப் பணியில் புதிதாகச் சேர்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் விசா கவுன்டரில் உட்கார்ந்துதான் மேலே போகிறார்கள். சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியுள்ள அமெரிக்கத் துணைத்தூதரக வாசலில் விடியற்காலையில் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தை நாம் பார்த்திருக்கிறோம். உள்ளே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் வாழ்க்கையே அடங்கியிருக்கிறது. ‘மாமா ஸ்பான்சர் பண்றார்’ என்று சொல்வதா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க யோசித்திருப்பார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் இருபத்தைந்து முப்பது வயது ஆள். ஊருக்கு வந்து சில மாதம் ஆகியிருக்கும். ஒரு நாளில் நூறு பேர்வரை பார்த்து, ஒவ்வொருவரையும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் நம்பவோ நம்பாமல் இருக்கவோ வேண்டும். தங்கள் முதல் பதவிக்காலத்தை நினைத்துப் பேசும் அதிகாரிகள், மறுத்து அனுப்பிய முகங்கள் பல ஆண்டுகள் மனதில் நின்றன என்று சொல்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் ஒரு மனிதர் வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறார் என்று தெரிந்தபோது, வரிசையில் நின்றவர்கள் பக்கமே சாய்ந்து பழகிய எனக்கு அது புதிய செய்தியாக இருந்தது.

இந்தப் பேச்சுகளைச் சேர்த்து வைத்தவர் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் கென்னடி. ஜனாதிபதி கென்னடிக்கு உறவில்லை. பெல்கிரேட், சைகோன், ஏதென்ஸ், சியோல், நேப்பிள்ஸ் என்று துணைத்தூதரக வேலையிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். 1985-ல் ஒரு டேப் ரெக்கார்டரோடு பழைய சக அதிகாரிகளைத் தேடிப்போய்ப் பேட்டி எடுக்க ஆரம்பித்தார். 2022-ல் அவர் இறக்கும்போது இந்தத் தொகுப்பில் 2,500-க்கும் மேற்பட்ட பேட்டிகள் இருந்தன. அவற்றில் ஆயிரத்துக்கும் மேல் அவரே எடுத்தவை. எழுத்து வடிவில் யாரும் படிக்கலாம். பேட்டி எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: எங்கே, எப்போது பிறந்தீர்கள், அப்பா என்ன வேலை பார்த்தார்? ஓர் அணு ஆயுத ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசப்போகிறவர் முதலில் அயோவா பண்ணையில் மாடு கறந்த கதையைச் சொல்வார். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஒருவர் ஒரு நாட்டை எப்படிப் பார்த்தார் என்பதற்கான காரணம் பாதி அவர் பிறந்த ஊரில் இருக்கிறது. ஆர்ச்சர் பிளட்டும் இந்தத் தொகுப்பில் டாக்காவைப் பற்றிப் பேசியிருக்கிறார். பிரிட்டிஷ் தூதர்களுக்கு இதே மாதிரி ஒரு தொகுப்பு கேம்பிரிட்ஜின் சர்ச்சில் கல்லூரியில் 1995-லிருந்து சேர்ந்துவருகிறது.

இந்தப் பதிவுகளை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. பேசியவரே எழுத்து வடிவத்தைத் திருத்தித் தருகிறார். இருபது முப்பது வருஷம் கழித்துப் பேசுவதால், எல்லாம் முன்பே தனக்குத் தெரியும் என்ற தொனி சிலரிடம் வந்துவிடுகிறது. ஆனால் அன்று அனுப்பிய தந்தியில் இல்லாத விஷயங்கள் இங்கேதான் கிடைக்கின்றன. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பள்ளி மாறிய பிள்ளைகள், மனைவியின் வேலை.

மனைவி என்றால் அது தனிக் கதை. 1972 வரை அமெரிக்க வெளியுறவுத் துறையில் கணவரின் வருடாந்திர மதிப்பீட்டு அறிக்கையில் மனைவிக்கும் மதிப்பெண் போட்டார்கள். விருந்து நன்றாக நடத்துகிறாரா, மேலதிகாரியின் மனைவி சொல்வதைக் கேட்கிறாரா என்பதெல்லாம் கணக்கு. சம்பளம் மட்டும் இல்லை. பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்துவிட வேண்டும் என்பதே அதுவரை வழக்கமாக இருந்தது.

நம் ஊர் நிலைமையும் இதுதான். சி. பி. முத்தம்மா குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். இந்திய வெளியுறவுப் பணியில் 1949-ல் சேர்ந்த முதல் பெண். சேரும்போதே, திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஹங்கேரி, கானா என்று தூதராக இருந்துவிட்டு, பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு விசாரணைக்கு வந்த நேரத்தில் அரசு அவசர அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்தது. அதனால் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. ஆனால் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1979 செப்டம்பரில் கொடுத்த தீர்ப்பில் அந்த விதிகளைப் பிய்த்து எடுத்துவிட்டார். குடும்பப் பொறுப்பு பெண்ணுடைய வேலையைக் கெடுக்கும் என்றால் ஆணுடைய வேலையைக் கெடுக்காதா என்று கேட்டார். அதன் பிறகு முத்தம்மாவுக்கு நெதர்லாந்து தூதர் பதவி கிடைத்தது. ஒரு நாட்டின் முகமாக வெளிநாட்டில் நின்ற பெண், சொந்த நாட்டிலேயே ‘நானும் முழு அதிகாரிதான்’ என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. தூதர்களின் நினைவுகளில் இந்த மாதிரிப் பகுதிகளைத்தான் நான் நின்று படிக்கிறேன்.

தொண்டராகவும் இருந்து தூதராகவும் ஆனவர்கள் சிலர் இருக்கிறார்கள். கேத்லீன் ஸ்டீவன்ஸ் 1975-ல் தென்கொரியாவுக்குத் தொண்டராகப் போய், யேசான் என்ற நாட்டுப்புற ஊரில் ஆண்கள் நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கொரியர்கள் அவருக்கு ஷிம் உன்-க்யோங் என்று பெயர் வைத்தார்கள். பிறகு வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 1980-களில் தென்கொரியாவில் மாணவர்கள் ராணுவ ஆட்சியை எதிர்த்துத் தெருவில் நின்றபோது அங்கே தூதரக அதிகாரியாக இருந்தார். 2008-ல் தூதராகவே வந்தார். அந்நாட்டுக்கு வந்த அமெரிக்கத் தூதர்களில் முதல் பெண், கொரிய மொழி பேசத் தெரிந்த முதல் ஆள். வந்த சில வாரங்களில் யேசானுக்குப் போனார். அவரிடம் படித்த பையன்கள் நாற்பதைத் தாண்டிய மனிதர்களாக வந்து நின்றார்கள். இதற்கிடையில் கொரியாவே தன் இளைஞர்களைத் தொண்டர்களாக வெளிநாட்டுக்கு அனுப்பும் நாடாகியிருந்தது.

கிறிஸ் ஸ்டீவன்ஸ் 1983 முதல் 1985 வரை மொராக்கோ மலைநாட்டில் ஆங்கில ஆசிரியர். அங்கேதான் அந்தப் பகுதி மீது பற்று வந்தது. 2011-ல் லிபியா கிளர்ச்சியின் நடுவே ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலில் ஏறி பெங்காசி போய் இறங்கினார். அடுத்த ஆண்டு தூதரானார். 2012 செப்டம்பர் 11 அன்று அதே பெங்காசியில் தாக்குதலில் கொல்லப்பட்டார். மறுநாள் அந்த ஊர்க்காரர்கள் கையால் எழுதிய அட்டைகளோடு தெருவுக்கு வந்தார்கள். மன்னித்துவிடுங்கள், இது எங்கள் செயல் இல்லை என்று உடைந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

அந்த அட்டைகளை நினைக்கும்போதுதான் எனக்கு ஒரு குறை பெரிதாகத் தெரிகிறது. போனவர்கள் பேசியது பத்திரமாக இருக்கிறது. கானாவுக்குப் போன அந்த முதல் குழுவைச் சேர்ந்த ராபர்ட் க்ளைன் வயதான காலத்தில் ஊர் ஊராகப் போய் பழைய தொண்டர்களைப் பேட்டி கண்டார். அவை பாஸ்டனில் கென்னடி நூலகத்தில் இருக்கின்றன. வரவேற்றவர்கள் பேசியது எங்கே? சமைத்துப் போட்ட அம்மா, வீடு வாடகைக்கு விட்டவர், தூதரக டிரைவர், துபாஷி, வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன். கோழிப் பண்ணை வைக்கச் சொல்லிக்கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பையனுக்குச் சோற்றைப் பிசைந்து சாப்பிடச் சொல்லிக்கொடுத்தது யார்? அவன் பேசிய மொழியைக் கேட்டு முதலில் சிரித்தது யார், அவன் போனபோது பஸ் ஸ்டாண்டு வரை போனது யார்? இந்தப் பக்கத்தைக் கேட்டுவைக்க ஒரு சார்ல்ஸ் ஸ்டூவர்ட் கென்னடி வரவில்லை. 1968-ல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபதை நெருங்குகிறது. கையில் செல்போன் இருக்கிற யாரும் அந்த மனிதர் முன்னால் உட்கார்ந்து, எங்கே, எப்போது பிறந்தீர்கள் என்று ஆரம்பிக்கலாம்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பீஸ் கோர் தன் தொண்டர்கள் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் திரும்ப அழைத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய ஏழாயிரம் பேர். அதன் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. பலருக்கு வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் இல்லை. அவர்கள் இப்போது எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். திங்கட்கிழமை காலை டீச்சர் வராத வகுப்பறையில் அந்தப் பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் என்பது இன்னும் யார் காதுக்கும் வரவில்லை.

1977 பிப்ரவரியில் இந்திய ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது காலமானபோது அமெரிக்காவின் சார்பில் இறுதிச் சடங்குக்கு வந்தவர் லிலியன் கார்ட்டர். அந்தப் பயணத்தில் அவர் விக்ரோலிக்கும் போனார். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஜிம்மி கார்ட்டர் டெல்லிக்கு வந்தபோது ஹரியானாவில் தௌலத்பூர் நசீராபாத் என்ற கிராமத்தைப் பார்க்கப் போனார். கிராமத்தார் தங்கள் ஊருக்குக் கார்ட்டர்புரி என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். லிலியன் தொண்டராக இருந்த காலத்தில் தங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. அவர் வேலை பார்த்த விக்ரோலி அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஆனாலும் ஊர்ப் பெரியவர்கள் அந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஊர்ப் பலகையில் பெயர் இன்றும் கார்ட்டர்புரிதான்.